மாவு அரைக்கிற மெஷினும் மொழிபெயர்க்கிற மெஷினும்

எங்க வீட்டு ரங்கமணிக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்திருக்கு. போன வாரம் சாப்பிட்டுக்கிட்டே கேட்டுட்டார். "ஏம்மா, இப்பத்தான் ஏஐயே தமிழ்ல எழுதித் தள்ளுதே, அப்புறம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு நீ என்னதான் பண்றே?"

அப்போ நான் சொன்ன பதில் இங்கே எழுதற மாதிரி இல்லை :-) ஆனா கேள்வி நியாயமானதுதான். அவர் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்துல, கல்யாண வீட்டுல, எங்க ஆபீஸ் மேலிடத்துல, எல்லாருமே இதைத்தான் வேற வேற விதமாக் கேக்கறாங்க. அதனால கொஞ்சம் ஆற அமர உக்காந்து பதில் எழுதலாம்னு தோணுச்சு.

என் வேலை என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு. உடனே ரஷ்ய நாவல் எல்லாம் நினைச்சுக்காதீங்க. புது மிக்ஸி வாங்கினா அட்டைப்பெட்டிக்குள்ளே பிளாஸ்டிக் உறையில ஒரு சின்னப் புஸ்தகம் இருக்குமில்லையா, பொடி எழுத்துல ஏழெட்டு மொழியில? அதுல தமிழ்ப் பக்கம் இருக்கே, அது! இன்சூரன்ஸ் கடுதாசி, பேங்க் செயலியில வர்ற 'உங்கள் பரிவர்த்தனை நிறைவடைந்தது', மருந்து டப்பாவுக்குள்ளே மடிச்சு வெச்சிருக்கற துண்டுச்சீட்டு.... இதெல்லாம் வானத்துலேருந்து விழறதில்லை. யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதறாங்க. அந்த யாரோல நானும் ஒருத்தி, பதினாறு வருஷமா. கடைசி ஆறு வருஷம் வீட்டுலேருந்தே, சாப்பாட்டு மேசையோட ஒரு மூலைதான் ஆபீஸ்.

மெஷின் மொழிபெயர்ப்பு எங்களுக்குப் புதுசு இல்லை. 2011 ஜூன்ல கூகுள் மொழிபெயர்ப்புல தமிழைச் சேர்த்தாங்க. ஆபீஸ்ல எல்லாரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தி நின்னு விழுந்து விழுந்து சிரிச்சோம். 'ஃப்ரீ சைஸ்' நைட்டி 'இலவச அளவு' ஆச்சு. மிக்ஸியில 'பல்ஸ்'னு ஒரு திருகு இருக்கே, அதைப் 'பருப்பு'ன்னு போட்டுச்சு. அது ஒரு காலம். 2017ல கூகுள்காரங்க நியூரல் முறைக்குத் தமிழையும் மாத்தினப்புறம் சிரிப்பு குறைஞ்சது. 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்தது. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை.

இப்போ நிலவரம் என்னன்னா, எந்தக் கோப்பு வந்தாலும் முதல்ல ஏஐ மொழிபெயர்த்துடும். அதைச் சரிபார்த்துத் தர்றதுதான் என் வேலை. இதுக்கு 'போஸ்ட் எடிட்டிங்'னு பேரு. முன்னே ஒரு நாளைக்கு 2000 சொல் என் கணக்கு. இப்போ 6000. சொல்லுக்குக் குடுக்கற கூலி முன்னே இருந்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டா எனக்கு லாபம் மாதிரித் தெரியுதில்லே? டேமேஜரும் அதைத்தான் சொல்றார். "மேடம், நீங்க எழுதவே வேண்டாம், சும்மா ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

அந்த 'சும்மா ஒரு பார்வை'யிலதான் விஷயமே இருக்கு.

அரிசியில கல் பொறுக்கினவங்களுக்கு இது உடனே புரியும். முறத்துல போட்டுப் பரப்பினா கருப்புக் கல்லு பளிச்சுன்னு தெரியும், எடுத்து எறிஞ்சுட்டுப் போயிடலாம். வெள்ளைக் கல்லு இருக்கே, அதுதான் வம்பு. அதே நிறம், அதே அளவு, அரிசியோட அரிசியா உக்காந்திருக்கும். பல்லுல கடிபட்டாத்தான் தெரியும். பழைய மெஷின் கருப்புக் கல்லாப் போட்டது. 'இலவச அளவு'ன்னு கத்திச் சொல்லிச்சு, நான் தப்புன்னு. இப்ப வர்றது அத்தனையும் வெள்ளைக் கல்லு. இலக்கணம் சுத்தமா இருக்கும், வாக்கியம் வழவழன்னு போகும், சந்திகூட சரியா இருக்கும். அர்த்தம் மட்டும் வேற ஊருக்குப் போயிருக்கும்.

ஒரு பிரஷர் குக்கர் கையேடு வந்தது. ஆங்கிலத்துல இருந்தது, உள்ளே ஆவி முழுசா அடங்கற வரைக்கும் மூடியைத் திறக்காதேன்னு. தமிழ்ல வந்தது: 'உள் அழுத்தம் முழுமையாகக் குறைவதற்கு மூடியைத் திறக்கவும்.' இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. அழகான வாக்கியம். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அதை நம்பித் திறந்தா மூஞ்சி வெந்துடும்.

அது கிட்டத்தட்ட நாலாயிரமாவது சொல் பக்கம், சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. சின்னவன் டியூஷனுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கான், வாசல்ல தண்ணி கேன்காரர் பெல் அடிக்கிறார். அந்த நேரத்துல கண்ணுல பட்டுச்சு. மாத்திட்டேன். கோப்பு போயிடுச்சு. ஆபீஸ் கணக்குல அந்த நாள் வெறும் '6000 சொல், முடிந்தது'. அந்த ஒரு வரி எங்கேயும் பதிவாகலை, ஆகவும் ஆகாது. நடக்காத விபத்துக்கு யார் ரசீது குடுப்பா?

இன்சூரன்ஸ் கோப்பு இதைவிட வேடிக்கை. ஆங்கிலத்துல 'வீ'ன்னு ஒரே சொல்லுதான். தமிழ்ல நமக்கு ரெண்டு இருக்கு, நாம், நாங்கள். கேக்கறவரையும் சேர்த்துக்கிட்டா நாம். சேர்க்காட்டி நாங்கள். நாலு வயசுக் குழந்தைகூட இதுல தப்புப் பண்ணாது. "நாங்க பீச்சுக்குப் போறோம்"னு சொன்னா, தன்னை விட்டுட்டுப் போறாங்கன்னு புரிஞ்சு அழ ஆரம்பிச்சுடும். ஆனா ஏஐ, 'ஆஸ்பத்திரிச் செலவை நாம் செலுத்துவோம்'னு எழுதுது. நாம்னா? கம்பெனியும் பாலிசிக்காரரும் சேர்ந்தா? பில்லு நீட்டற நேரத்துல யாரு பர்ஸை எடுக்கணும்? அடுத்த பத்தியிலேயே 'நாங்கள்'னு சரியா எழுதும், அதுக்கடுத்த பத்தியில மறுபடி 'நாம்'. மொத்தமாத் தப்புப் பண்ணினாலாவது ஒரே அடியா மாத்திடலாம். இது மூணு சரி, ஒண்ணு தப்புன்னு போறதால ஒவ்வொண்ணையும் நின்னு பார்க்க வேண்டியிருக்கு.

அப்புறம் இந்த மரியாதைப் பிரச்சினை. முதல் பக்கத்துல 'நீங்கள்', பன்னிரண்டாம் பக்கத்துல திடீர்னு 'உன் கணக்கு எண்ணை உள்ளிடு'. எழுபது வயசு பென்ஷன்காரர் படிச்சா என்ன நினைப்பார், பேங்க்ல இருந்து எவனோ அதட்டறான்னுதானே!

பொருள் பேருங்க தனிக் கூத்து. குக்கர்ல இருக்கற ரப்பரை நம்ம ஊர்ல ரப்பர்னு சொல்வாங்க, இல்லைன்னா கேஸ்கெட்டுன்னு சொல்வாங்க. அது 'முத்திரையிடும் வளையம்'னு வரும். நாலு பக்கம் தள்ளி 'அடைப்பு வளையம்'. இன்னும் ரெண்டு பக்கம் போனா 'சீலிங் ரிங்'. மூணும் ஒண்ணுதான்னு படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? மேல போடற வெயிட்டை 'அழுத்தச் சீராக்கி'ன்னு எழுதினா, எங்க அத்தை கடைக்குப் போய் அழுத்தச் சீராக்கி குடுப்பான்னு கேக்கவா போறாங்க?

சரி, தப்புன்னு சொல்லிப் பார்த்தா? "நீங்கள் சொல்வது மிகவும் சரி, சுட்டிக்காட்டியதற்கு நன்றி"ன்னு பவ்யமா ஒரு பதில் வரும். அடுத்த கோப்புல அதே முத்திரையிடும் வளையம். எங்க சின்னவன்கிட்டே ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேடான்னு சொன்னா "சரிம்மா"ங்கறானே, அச்சு அசல் அதே "சரிம்மா".

இங்கேதான் டேமேஜரோட இன்னொரு வாதம் வரும். "மேடம், இந்தக் கையேட்டை எல்லாம் யார் படிக்கிறாங்க?"

யார் படிக்கிறாங்கன்னு நான் சொல்றேன். எனக்கும் ரங்கமணிக்கும் தமிழ்ப் பக்கம் தேவையில்லை. சந்தேகம் வந்தா இங்கிலீஷ் பக்கத்தைப் புரட்டிடுவோம். எங்க அத்தை படிக்கிறாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலை வெச்சு, ஒவ்வொரு வரியா. மாத்திரைச் சீட்டைக்கூட விடறதில்லை. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, அவங்க பொண்ணுக்கு வந்த ஸ்காலர்ஷிப் கடுதாசியைப் படிக்கிறாங்க. தமிழ் மட்டும் தெரிஞ்சவங்கதான் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கிறாங்க. அதாவது, அதுல தப்பு இருந்தா, தப்புன்னு கண்டுபிடிக்க வேற வழியே இல்லாதவங்க. ஆங்கிலத்துல தப்பு வந்தா நாலு பேர் போன் பண்ணி சண்டை போடுவாங்க. தமிழ்ல தப்பு வந்தா, "நமக்குத்தான் புரியலை போல"ன்னு மடிச்சு வெச்சுடுவாங்க. புகாரே வரலைன்னா தரம் நல்லா இருக்குன்னு மேலிடத்துல கணக்கெழுதிடறாங்க. எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துலதான்.

நிற்க. மெஷினையே திட்டற ஆள் நான் இல்லை. எங்க அத்தைகிட்டே ஆட்டுக்கல் கதை கேட்டு வளர்ந்த குடும்பம் இது. வலது கையால குழவியைச் சுத்திக்கிட்டு, இடது கையால மாவைத் தள்ளிவிட்டுக்கிட்டு, ஒரு படி அரிசிக்கு ஒண்ணரை மணி நேரம். கிரைண்டரைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் நல்லா இருக்கட்டும். 2011 செப்டம்பர்ல அரசாங்கம் இலவச மிக்ஸி கிரைண்டர் ஃபேன் குடுக்க ஆரம்பிச்சு, எங்க ஊர்ப்பக்கம் அது போய்ச் சேர்ந்தப்போ, ஆட்டுக்கல்லைத் தூக்கித் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கலைன்னு அத்தை சொல்வாங்க.

ஆனா அதே அத்தை இன்னொண்ணும் சொல்வாங்க. ஆட்டுக்கல் காலத்துல அவங்க வீட்டுல இட்லிங்கறது தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை வந்தா. கிரைண்டர் வந்தப்புறம் வாரம் ரெண்டு தடவை. ஃபிரிட்ஜும் வந்தப்புறம் தினம் ராத்திரி தோசை, அதுவும் ஆளாளுக்கு வேற வேற நேரத்துல, சூடா. "கை வலி போச்சு, அடுப்படியை விட்டு வர்ற நேரம் மட்டும் மாறவே இல்லைடி"ம்பாங்க. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு அமெரிக்க வரலாற்று ஆசிரியை 1983ல ஒரு புஸ்தகமே எழுதியிருக்காங்க. 'மோர் வொர்க் ஃபார் மதர்'னு பேரு. வீட்டுக்கு மெஷின் வர வர அமெரிக்க அம்மாக்களோட வேலை நேரம் ஏன் குறையலைங்கறதுதான் விஷயம். துவைக்கிற மெஷின் வந்தா அடிக்கடி துவைக்கணும்னு எதிர்பார்ப்பு ஏறிடுது. முன்னே கூடமாட உதவின புருஷனும் பிள்ளைகளும் வேலைக்காரங்களும் கழண்டுக்கிறாங்க. அத்தை அந்தப் புஸ்தகத்தைப் படிச்சதில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

2000 சொல் 6000 ஆனது இப்படித்தான். மிச்சமான நேரம் எனக்கு வந்து சேரலை. அது யாரோட தட்டுலயோ தோசையாப் போயிடுச்சு.

கிரைண்டருக்கும் ஏஐக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கு. கிரைண்டர் பொய் சொல்லாது. ரெண்டு விரலால மாவைத் தொட்டுப் பார்த்தா அஞ்சு நொடியில பதம் தெரிஞ்சுடும். இன்னும் நறநறன்னு இருக்கா, போதுமா, அவ்வளவுதான். அரைக்க முக்கால் மணி, பார்க்க அஞ்சு நொடி. அதனாலதான் அது நல்ல மெஷின். இங்கே தலைகீழ். அது எழுதறது ஒரு நொடி, நான் பதம் பார்க்கறது ஒரு முழு நாள். ஆங்கிலத்தைப் படிக்கணும், தமிழைப் படிக்கணும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும், இதை விடலாமா மாத்தலாமான்னு முடிவெடுக்கணும். இதுல ஒரு உளவியல் கஷ்டமும் இருக்குங்க. அதோட வாக்கியத்தை ஒரு தடவை படிச்சுட்டா, என் மனசுல தானா வர வேண்டிய வாக்கியம் வர மாட்டேங்குது. அடுத்தவங்க முணுமுணுக்கற பாட்டு காதுல ஒட்டிக்கற மாதிரி. சுத்தமா வெள்ளைத் திரையில நானே எழுதினா இதைவிடச் சீக்கிரம் முடிச்சிருப்பேன்னு பல பத்திகள்ல தோணியிருக்கு.

இது வயசான அம்மாவோட புலம்பல்னு ரங்கமணி நினைச்சார். அவர் பொட்டி தட்டற ஆசாமி, அவர் ஆபீஸ்லயும் இப்ப ஏஐதான் நிரல் எழுதுது. அவர் முன்னாடி ஒரு ஆய்வை எடுத்துப் போட்டேன். மீட்டர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சி அமைப்பு 2025 ஜூலையில வெளியிட்டது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், அவங்களுக்கு நல்லாப் பழக்கமான திட்டங்கள்ல 246 வேலைகள். பாதி வேலைக்கு ஏஐ உண்டு, பாதிக்குக் கிடையாது. ஏஐ வெச்சுச் செஞ்ச வேலைக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆச்சு. அதைவிட வேடிக்கை, முடிச்சுட்டு வந்து கேட்டப்போ, 20 சதவீதம் சீக்கிரமா முடிச்சோம்னு அவங்க நம்பியிருக்காங்க! "அது போன வருஷத்து மாடல், பதினாறு பேரை வெச்சு உலகத்தை எடை போட முடியாது"ன்னார். அதுவும் சரிதான், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு ராத்திரி பதினொண்ணே காலுக்கு, "இந்த ஏஐ எழுதினதுல எங்கேயோ உதைக்குது"ன்னு ஹால்ல லேப்டாப்போட உக்காந்திருந்தவர் நான் இல்லை :-)

சும்மா கண்காணிச்சுக்கிட்டே இருங்கறது மனுஷனுக்குச் சரிவராத வேலை. இதையும் 1983லயே ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர் சொல்லிட்டாங்க. லிசான் பெயின்பிரிட்ஜ். கட்டுரையோட பேர் 'ஐரனீஸ் ஆஃப் ஆட்டோமேஷன்'. சுலபமான பாகத்தை மெஷின் எடுத்துக்கிட்டு கஷ்டமானதை மனுஷன்கிட்டே விட்டுடுது. மெஷின் தப்புப் பண்றப்போ பிடிக்கற திறமை மனுஷனுக்குத் தினமும் கையால செஞ்சாத்தான் நிலைக்கும். ஆனா தினமும் செய்யற வேலையைத்தான் மெஷின்கிட்டே குடுத்துட்டோம். அவங்க சொன்னது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பத்தி. எங்க ஆபீஸுக்கும் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. எனக்கு வெள்ளைக் கல் கண்ணுல படுதுன்னா, பதினாலு வருஷம் நானே எழுதினதால. ஆபீஸ்ல ரெண்டு வருஷமாப் புதுசா யாரையும் எடுக்கலை. முன்னெல்லாம் ஒரு சின்னப் பொண்ணு வருவா, ஆரம்பத்துல நாம் நாங்கள் குழப்புவா, சிவப்பு மையால திருத்திக் குடுத்தா அடுத்த மாசம் திருத்தவே தேவையிருக்காது. இன்னும் பத்து வருஷம் கழிச்சு அந்த இடத்துல யார் உக்காந்து பார்ப்பாங்கன்னு கேட்டேன். மீட்டிங்ல கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க.

வீட்டுக்கும் இது தொத்திக்கிட்டு வருது. எங்க அடுக்ககத்துச் செயலாளர் முன்னெல்லாம் லிஃப்டுல ஒரு தாள் ஒட்டுவார். 'நாளை 10 முதல் 1 வரை தண்ணீர் வராது. தொட்டி கழுவுகிறோம்.' முடிஞ்சது. இப்போ வாட்ஸப்புல நாலு பத்தி. 'அன்பான குடியிருப்பாளர்களே'ல ஆரம்பிச்சு, சுகாதாரத்தின் முக்கியத்துவம், உங்கள் ஒத்துழைப்பு, நம் சமூகத்தின் நலன்.... எப்போ தண்ணி வராதுங்கறது மூணாவது பத்தி நடுவுல. மூணு வீட்டுல தண்ணி பிடிச்சு வைக்கலை. எனக்கோ பழக்க தோஷம், அதையும் வரிவரியா சரிபார்த்தேன். நாள் முழுக்க அடுத்தவங்க வாக்கியத்தைச் சந்தேகத்தோட பார்த்த கண்ணு ராத்திரியானாலும் அடங்க மாட்டேங்குது. ஊறுகாய் பாட்டில் லேபிளைப் படிச்சுட்டு, "இது மெஷின் எழுதினது"ன்னு சொன்னேன். பெரியவ தலையில அடிச்சுக்கிட்டா. முன்னே எழுதி முடிச்ச நாள்ல ஒரு நிறைவு இருக்கும், பசங்களோட உக்காந்து அரட்டை அடிக்கத் தெம்பிருக்கும். சரிபார்த்து முடிச்ச நாள்ல எதையாவது விட்டுட்டோமோங்கற உறுத்தல்தான் மிச்சம்.

அதனால டேமேஜருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கையாலேயே எழுதினது, ஏஐ இல்லை. சரிபார்க்கற வேலைக்குச் சொல் கணக்கு வேண்டாம், மணிக்கணக்குல குடுங்க. மருந்து, மின்சாரம், நெருப்பு, பணம் இந்த நாலும் வர்ற கோப்புன்னா, ஏஐ வரைவை வாங்கறதா, நானே எழுதறதாங்கறதை நான் முடிவு பண்றேன். வருஷத்துக்கு ஒரு புது ஆளையாவது எடுங்க. இந்த வேலைக்குன்னே 2017லேருந்து ஒரு சர்வதேசத் தரம் இருக்கு, ஐஎஸ்ஓ 18587. அதுல போஸ்ட் எடிட்டருக்குக் கேக்கற தகுதி மொழிபெயர்ப்பாளருக்குக் கேக்கற தகுதிதான், 'சும்மா பார்வை பார்க்கறவர்'னு எங்கேயும் இல்லை. அதையும் சேர்த்து வெச்சிருக்கேன்.

மூணாவது நாள் பதில் வந்தது. என் கடிதத்தை அஞ்சு வரியில சுருக்கி, அந்தக் கருத்துகளுக்கு நன்றி சொல்லி, அடுத்த காலாண்டில் பரிசீலிக்கப்படும்னு. மணிக்கணக்குல கூலிங்கறது அந்தச் சுருக்கத்துல 'பணி நேர நெகிழ்வு'ன்னு ஆகியிருந்தது. திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கேன். நாளைக்கு ஒரு வாட்டர் ஹீட்டர் கையேடு வருதாம், 9000 சொல்.